மியூச்சுவல் போட்டுவிட்டால் முடிந்ததா?

"சார், ரெண்டு பேருக்கும் சம்மதம்தான். மியூச்சுவல் போட்டா ஆறு மாசத்துல முடிஞ்சுடும்ல?"

குடும்ப நல நீதிமன்ற வாசலில் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழாத நாள் இல்லை. மியூச்சுவல் என்றால் கணவனும் மனைவியும் சம்மதித்துச் சேர்ந்து கேட்கும் விவாகரத்து. முடியும் என்பதுதான் பதில். ஆனால் எதற்குச் சம்மதம்? பிரிவதற்கு இருவரும் தலையாட்டுவது பெரிய விஷயமில்லை, சண்டை முற்றிய வீட்டில் அது தானாக வந்துவிடும். எவ்வளவு பணம், எந்தத் தேதியில், குழந்தை யார் வீட்டில், வீட்டுக் கடன் யார் தலையில், மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகார் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தால், மூன்றாவது கேள்வியிலேயே "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் சார்" என்று பதில் வரும். அந்த "அப்புறம்" என்பதிலிருந்துதான் அடுத்த ஐந்து வருட வழக்குகள் முளைக்கின்றன. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். சட்டத்தை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

ஆறு மாதக் கணக்கு

இந்துத் திருமணச் சட்டம் 1955-இல் வந்தபோது பரஸ்பர சம்மத விவாகரத்து என்ற ஒன்றே அதில் கிடையாது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் 13-பி பிரிவு சேர்ந்தது. கணவனும் மனைவியும் குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியாத நிலை இருக்க வேண்டும். திருமணத்தை முடித்துக்கொள்ள இருவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இவ்வளவுதான் அது கேட்பது. யார் மீது தப்பு என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை.

பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீடு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொல்லிவிட்டது. வாடகைக்கு இன்னொரு வீடு பிடிக்க வசதியில்லாமல், ஹாலில் ஒருவர் அறையில் ஒருவர் என்று நாளைக் கடத்தும் நடுத்தர வர்க்கத் தம்பதிகளுக்கு இது முக்கியமான விஷயம். அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: இறுதித் தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இதை மறந்துவிடாதீர்கள், கொஞ்சம் கழித்து இதற்குத் திரும்பி வருவோம்.

மனு போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி நீதிமன்றத்துக்கு வந்து, இன்னும் அதே முடிவில்தான் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். இதை இரண்டாவது மோஷன் என்பார்கள். இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் விசாரணை நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குச் சில அளவுகோல்களும் சொன்னது. முதல் மனு போடுவதற்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருந்தார்களா? சமரச முயற்சி நடந்து தோற்றதா? ஜீவனாம்சம், குழந்தை, பாக்கி விஷயங்கள் எல்லாம் உண்மையிலேயே பேசி முடிந்துவிட்டனவா? கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் காத்திருப்பு குறையும். "அப்புறம் பேசிக்கலாம்" கோஷ்டிக்குக் குறையாது.

இது இந்துக்களுக்கு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு 28-ஆம் பிரிவு ஏறக்குறைய இதே பாதையைத் தருகிறது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் 2001-இல்தான் 10-ஏ சேர்க்கப்பட்டது. அதில் இரண்டு ஆண்டு பிரிவு என்று எழுதியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010-இல் அதை ஓராண்டு என்றே வாசிக்க வேண்டும் என்றது. முஸ்லிம்களிடம் பரஸ்பர சம்மதப் பிரிவு முபாராத் என்ற பெயரில் நெடுங்காலமாகவே இருக்கிறது.

சம்மதம் இல்லையென்றால்? கொடுமை, இரண்டு ஆண்டு கைவிடுதல், வேறு தொடர்பு என்று சட்டம் பட்டியலிட்டிருக்கும் காரணங்களில் ஒன்றை நிரூபித்தாக வேண்டும். "ஒத்துப் போகலை" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மீளமுடியாதபடி முறிந்துபோன திருமணத்தை அரசியலமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவின்படி கலைக்கலாம் என்று சொன்னபோது செய்தித்தாள்கள் அதைப் பெரிய எழுத்தில் போட்டன. அடுத்த வாரமே பலர் கத்தரித்த செய்தியோடு வக்கீல் அலுவலகம் ஏறினார்கள். அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான். உங்கள் ஊர் குடும்ப நல நீதிமன்றம் அதைப் பயன்படுத்த முடியாது.

ஒரு கல்யாணம், ஆறு கட்டு

ஒரு குடும்பச் சண்டை எப்படி ஆறு வழக்காகப் பெருகுகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. கணவர் கொடுமை என்று சொல்லி விவாகரத்து மனு போடுவார். மனைவி, சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 9-ஆவது பிரிவில் பதில் மனு போடுவார். அதோடு ஜீவனாம்ச வழக்கு ஒன்று. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144 ஆகிவிட்டது, கோர்ட்டில் பேச்சு வழக்கில் இன்னும் 125 தான். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் குடும்ப வன்முறைச் சட்ட மனு, சுருக்கமாக டி.வி. கேஸ். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால் அது 498-ஏ, கணவரும் அவர் வீட்டாரும் கொடுமை செய்தார்கள் என்ற கிரிமினல் வழக்கு. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85. குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்று தனியாக ஒரு மனு. ஆறு கட்டு, மூன்று நீதிமன்றம், ஒவ்வொன்றுக்கும் தனி வாய்தா. இரண்டு வாய்தா ஒரே நாளில் விழுந்தால் ஒரு கோர்ட்டில் பெயர் கூப்பிடும்போது இன்னொரு கோர்ட்டின் படிக்கட்டில் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

இதில் சில வழக்குகள் அவசியமானவை. அடி உதை நடக்கும் வீட்டில் இருக்கும் பெண்ணிடம் "முதலில் பேசிப் பாருங்கள்" என்று சொல்வது அநியாயம். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவரை வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று உத்தரவு வாங்கித் தரும். வீடு மாமியார், மாமனார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமை கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. 181 என்ற எண்ணை அழைக்கலாம், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். இந்தப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. சமரசம் அதற்குப் பிறகுதான்.

மற்ற பல வழக்குகள் கோபத்தில் போடப்படுபவை. "அவன் ஒண்ணு போட்டா நாம ரெண்டு போடணும்" என்று மச்சானோ சித்தப்பாவோ சொல்லிக் கொடுப்பார். பேரம் பேச வசதியாக இருக்கும் என்று போட்ட வழக்கு, பேரம் முடிந்த பிறகும் தானாகப் போகாது. 498-ஏ வழக்கை இரு தரப்பும் ராஜியாகிவிட்டோம் என்று கீழமை நீதிமன்றத்தில் சொல்லி முடிக்க முடியாது. உயர் நீதிமன்றத்தில், நம் ஊர்களுக்குச் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, அதை ரத்து செய்யும்படி தனியாக மனு போட வேண்டும். இப்படிப்பட்ட குடும்ப வழக்குகளைச் சமாதானத்தின் பேரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2003-லேயே உச்ச நீதிமன்றம் வழி காட்டிவிட்டது. விவாகரத்துத் தீர்ப்பு கையில் வந்து, அடுத்த ஆண்டு வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது கிரிமினல் வழக்கு இன்னும் உயிரோடு இருப்பது தெரியவந்தவர்கள் உண்டு.

சம்மனை வாங்காமல் இருந்தால் வழக்கு நகராது என்று ஒரு நம்பிக்கை வேறு. நகரும். எதிர்த்தரப்பு இல்லாமலேயே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிடும். அதை ரத்து செய்யச் சட்டம் தருவது முப்பது நாள்.

சமரச மேஜை

1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, முதலில் சமாதானத்துக்கு முயல வேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்கிறது. அதனால்தான் எந்த வழக்கானாலும் கவுன்சலிங்குக்கோ சமரச மையத்துக்கோ அனுப்புகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் 2005-லேயே தொடங்கிவிட்டது. இப்போது மாவட்ட நீதிமன்றங்களிலும் இருக்கிறது. கட்டணம் கிடையாது. அங்கே பேசியதை நாளைக்குக் கோர்ட்டில் சாட்சியாக எடுத்து வைக்க முடியாது என்பதால் கொஞ்சம் மனம் விட்டுப் பேசலாம்.

பலர் இதைச் சேர்த்து வைக்கும் இடம் என்று நினைத்து, "நான் சேர்ந்து வாழ மாட்டேன், எதுக்கு வரணும்" என்று வராமல் இருந்துவிடுகிறார்கள். நல்ல சமரசர் பிரிவையும் ஒழுங்காகப் பிரித்துக் கொடுப்பார். அந்த மேஜையில் நான் பார்த்த ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. பணம் முடிந்தது, நகை முடிந்தது, குழந்தை முடிந்தது. எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு கிரைண்டர் வந்தது. அது அந்தப் பெண்ணின் அம்மா சீட்டுப் பணத்தில் வாங்கிக் கொடுத்தது. மாமியார் கொடுக்க முடியாது என்றார். முக்கால் மணி நேரம். சமரசர் சிரிக்கவில்லை, யாரையும் அவசரப்படுத்தவுமில்லை. கடைசியில் "கிரைண்டர், கல் உட்பட" என்று பட்டியலில் ஒரு வரி சேர்ந்தது. கையெழுத்து விழுந்தது. அந்த "கல் உட்பட" இல்லாமல் போயிருந்தால் கல் இல்லாத கிரைண்டர்தான் வந்திருக்கும் என்று அந்தப் பெண் வெளியே வந்து சொன்னார். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

ராஜி பத்திரத்தில் ஷரத்து எழுதுவது அப்படித்தான். "மகனின் கல்விச் செலவைக் கணவர் ஏற்பார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பையன் அப்போது எல்.கே.ஜி. ஆறாம் வகுப்பு வரும்போது வேன் கட்டணம் கல்விச் செலவா, டியூஷன் கல்விச் செலவா, அம்மா மாற்றிச் சேர்த்த விலை கூடிய பள்ளியின் கட்டணத்தை அப்பா கட்ட வேண்டுமா என்று சண்டை தொடங்கும். இருவருமே தங்கள் வாசிப்புதான் சரி என்று நம்புவார்கள், ஏனென்றால் அந்த வரி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. பள்ளிக் கட்டணம், வேன், புத்தகம், சீருடை. ரசீது அனுப்பிய பத்து நாளுக்குள் பள்ளிக் கணக்கிலேயே நேராகச் செலுத்துவது. பள்ளி மாற்றுவதானால் முன்கூட்டி இருவரும் கலந்து பேசுவது. பேசி ஒத்துவராவிட்டால் பழைய பள்ளிக் கட்டணத்தின் அளவுக்கு மட்டும் அப்பா பொறுப்பு. நான்கு வரி அதிகம் எழுதினால் போதும்.

குழந்தையைப் பார்ப்பதும் இதே கதை. "வார இறுதியில் பார்க்கலாம்" என்றால் எந்த வாரம், எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்து விடுவது? காலாண்டு விடுமுறை யாருக்கு? குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம் போனதா, அடுத்த வாரம் ஈடு உண்டா? ஆண்டு விழாவுக்கு இருவரும் வரலாமா? பாஸ்போர்ட் எடுக்கக் கையெழுத்து யார் போடுவது? பிரிந்து இருக்கும் பெற்றோருக்கு நடுவே பெரும்பாலான சண்டை இந்தச் சின்ன விஷயங்களில்தான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் குழந்தையின் நலன்தான் அளவுகோல். இன்று எழுதியதைக் குழந்தை வளர வளர நீதிமன்றம் மாற்றலாம். "குழந்தைக்கு ஜீவனாம்சம் வேண்டாம்" என்று அம்மா எழுதிக் கொடுத்தாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது, அந்த உரிமை குழந்தையுடையது.

இனி பணம். இங்கேதான் முன்பு சொன்ன சம்மதம் திரும்பப் பெறும் விஷயம் குறுக்கே வருகிறது. கணவருக்கு ஒரு பயம்: முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு இரண்டாவது மோஷனுக்கு வராமல் போய்விட்டால்? மனைவிக்கும் ஒரு பயம்: தீர்ப்பு வந்த பிறகு பணம் தராமல் இழுத்தடித்தால்? இரண்டு பயமும் நியாயமானவை. இதற்குத் தீர்வு தவணை. இருபது லட்சம் என்று வைத்துக்கொண்டால், முதல் மனு நாளில் ஐந்து, 498-ஏ ரத்து மனுவில் கையெழுத்திடும்போது ஐந்து, இரண்டாவது மோஷன் நாளில் நீதிபதி முன்னிலையில் பத்து. எல்லாம் டிமாண்ட் டிராஃப்டில், எண்ணும் தேதியும் பதிவில் ஏறும்படி. ரொக்கம் வேண்டவே வேண்டாம். செக்கும் எனக்குப் பிடிக்காது. திரும்பி வந்தால் அது இன்னொரு கேஸ்.

எவ்வளவு கேட்பது என்பதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை. "பாதி சொத்து மனைவிக்கு" என்று சினிமாவிலும் வாட்ஸ்அப்பிலும் வருவது இங்கே சட்டமில்லை. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது: ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் குறிப்பிட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும் என்றும் சொன்னது. சமரசம் பேசும்போதும் அந்தப் படிவத்தை முதலில் பரிமாறிக்கொள்வது புத்திசாலித்தனம். சம்பளச் சீட்டு, ஐ.டி. ரிட்டர்ன், வங்கிக் கணக்கு விவரம் மேஜையில் இருந்தால் "அவருக்கு ஊர்ல நிலம் இருக்கு", "அவளுக்கு ரெண்டு லட்சம் சம்பளம்" என்ற பேச்செல்லாம் பாதியாகக் குறையும்.

நகை விஷயத்தில், திருமணத்தின்போது பெண்ணுக்குக் கொடுத்தது அவளுடைய சொத்து, கணவர் வீட்டார் அதை வைத்திருப்பது வெறும் காவல்தான் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிரூபிப்பதுதான் பாடு. நகைக்கடை ரசீது பெரும்பாலும் அப்பா பீரோவில் இருக்கும், இருந்தால். இல்லையென்றால் கல்யாண ஆல்பம்தான் சாட்சி: எந்தப் படத்தில் எந்த ஆரம் என்று பார்த்துப் பார்த்துப் பட்டியல் எழுத வேண்டியதுதான்.

வீட்டுக் கடனில் பலர் ஏமாறுகிறார்கள். வீடு கணவருக்கு, மீதிக் கடனும் அவருக்கு என்று இருவரும் எழுதிக்கொள்ளலாம். வங்கி அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. கடன் இருவர் பெயரிலும் இருந்தால், அவர் தவணை கட்டாத மாதம் வங்கி இவருக்கும் போன் செய்யும், இவருடைய சிபில் மதிப்பெண்ணும் கீழே போகும். இரண்டாவது மோஷனுக்கு முன்பே வங்கியில் பேசிக் கடனை ஒருவர் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். கூட்டுப் பெயரில் இருக்கும் வீட்டுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த விடுதலைப் பத்திரமோ செட்டில்மென்ட் பத்திரமோ வேண்டும். ராஜி பத்திரத்தில் எழுதிக்கொண்டதோடு பட்டா மாறிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. அதையும் தீர்ப்புக்கு முன்பே செய்வது நல்லது. முத்திரைத் தாள் கட்டணத்தில் இருக்கும் சலுகை குடும்ப உறுப்பினர்களுக்குத்தான். தீர்ப்பு வந்த மறுநாள் அவர்கள் கணவன் மனைவி இல்லை.

பத்திரத்தில் எழுதி வாங்கியவர்கள்

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இருபது ரூபாய் பத்திரத்தில் "இனி நமக்குள் எந்த உறவும் இல்லை" என்று எழுதி, நோட்டரி முத்திரை குத்தி, விவாகரத்து ஆகிவிட்டது என்று நம்புவோர் இன்றும் இருக்கிறார்கள். சில சமூகங்களில் அத்துவிடும் வழக்கம் உண்டு, அந்த வழக்காற்றை இந்துத் திருமணச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு காப்பாற்றவும் செய்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அது லேசில் ஆகாது. நிரூபிக்க முடியாவிட்டால் அந்தத் தாளை நம்பிச் செய்த இரண்டாவது கல்யாணம் செல்லாது. இருதார மணக் குற்றமும் சேரும். இதில் நொந்துபோவது பெரும்பாலும் இரண்டாவதாக வந்த பெண், கணவர் இறந்த பிறகு பென்ஷன் கேட்டு அலுவலகம் போகும்போது.

வக்கீல் வைக்க வசதியில்லை என்பவர்களுக்கு ஒன்று: 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணும் இருக்கிறது. மனைவி, தான் இப்போது குடியிருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே விவாகரத்து மனு போடலாம் என்பதும் 2003 முதல் சட்டத்தில் இருக்கிறது. கல்யாணம் நடந்த ஊருக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை.

தீர்ப்பு நாளன்று பெரும்பாலோர் வக்கீலிடம் கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். சான்றிட்ட நகலுக்கு மனு போடுவதில்லை. மூன்று வருடம் கழித்து மறுமணப் பதிவுக்கோ விசாவுக்கோ அது தேவைப்படும்போது பழைய கட்டைத் தேடி ரெக்கார்டு அறைக்கு அலைய வேண்டியிருக்கும். எதிர்த்து நடத்திய வழக்காக இருந்தால், மேல்முறையீட்டுக் காலம் தீர்வதற்குள் மறுமணம் செய்யக் கூடாது. இன்னொன்று, நாமினி. பி.எஃப்., எல்.ஐ.சி., வங்கி டெபாசிட், ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ் என்று கல்யாணமான புதிதில் ஆசையாக எழுதிக் கொடுத்த பெயர் எல்லாவற்றிலும் அப்படியே இருக்கும். நீதிமன்றம் எந்த அலுவலகத்துக்கும் கடிதம் போடாது. நகலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கவுன்ட்டராக நாம்தான் போய், அந்தப் படிவத்தில் வேறு பெயர் எழுத வேண்டும்.